கிண்ணம் நிறையத் தேநீர்

பிப்ரவரி 3

தங்கை பிள்ளை வீட்டுக்கு வருவதைவிட ஏழு ஓநாய் வருவது மேல் என்று எங்கள் பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. ஓநாய் ஓர் ஆட்டைத் தின்றுவிட்டுப் போய்விடும். என் தங்கை மகள் நுர்ஜாத் என்னை நோட்டுப் புத்தகம் எழுத வைத்துவிட்டாள்.

நரீன் நகரத்தில் இருந்து லீவில் வந்திருந்தாள். நான் ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் வெறும் காலுறையோடு நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பகலில் கணவாயில் பனி தள்ள வேண்டும், மாலையில் கலாசார மன்றத்தில் நாடக ஒத்திகை, நடுவில் பேத்தி ஐசுலூவைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுப்பதாக வாக்கு. நுர்ஜாத் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாமா, நீங்க மூணு குதிரையில ஒரே நேரத்துல உக்காரப் பாக்கறீங்க. உங்களுக்கு இருக்கறது ஒரு பின்பக்கம்தான்" என்றாள். என் மனைவி புருல் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது.

அதன் பிறகு நுர்ஜாத் தங்கை மகள் உரிமையைக் கையில் எடுத்தாள். தங்கை பிள்ளை கேட்டதைத் தாய்மாமன் மறுக்கக் கூடாது. மறுத்தால் கை நடுங்கும் என்பார்கள். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கை நடுங்கலாமா? வசந்தம் பிறக்கும் நௌரூஸ் பண்டிகை வரைக்கும் என்ன செய்தேன், யாருக்காகச் செய்தேன் என்று எழுத வேண்டுமாம். எழுதினால் எது முதல், எது பின்னால் என்று தானாகத் தெரியுமாம்.

எனக்கா தெரியாது? இந்தப் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் ஆடு வெட்டினாலும் பங்கு போட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இடுப்பெலும்பு வயதில் மூத்தவருக்கு. வால்பக்க எலும்பு மூத்த பெண்மணிக்கு. தோள்பலகை நடுவயதுக்காரர்களுக்கு. நெஞ்செலும்பு மருமக்களுக்கு. ஒன்று மாறினால் இரண்டு குடும்பங்கள் ஒரு தலைமுறை பேசிக்கொள்ளாது. என் கையில் ஒருநாளும் மாறியதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு விலகிக்கொண்டது, ஆனால் பங்கு போடும் படிப்பில் நான் பேராசிரியர்.

ஆகவே என் வாழ்க்கையையும் ஓர் ஆடு என்று வைத்துக்கொள்கிறேன். இடுப்பெலும்பு இரண்டு: ஒன்று வேலைக்கு, ஒன்று நாடகத்துக்கு. மீதி முழு உடம்பும் குடும்பத்துக்கு. முடிந்தது. இதற்குப் போய் நௌரூஸ் வரை எழுதச் சொல்கிறாள்.

இன்று செய்தது: பனி தள்ளினேன். இரண்டு ஆள் உயரம். யாருக்காக: குடியரசுக்காக. (அவள் படிப்பாள் என்பதால்: இடுப்பளவு.) சறுக்கு வண்டி நாளைக்கு.

பிப்ரவரி 5

பனி. சறுக்கு வண்டி நாளைக்கு.

பிப்ரவரி 8

ஒத்திகை. பழைய காலத்துக் கான், அதாவது ராஜா ஒருவனைப் பற்றிய நாடகம், நௌரூஸ் அன்று மேடை ஏறுகிறது. எழுதியது, நடத்துவது எல்லாம் புவியியல் வாத்தியார் ஜாபார். கானாக நான். முதல் காட்சியிலேயே கான் செத்துப்போகிறான், அதன் பிறகு நாடகம் முழுக்க அவன் பிள்ளைகளின் சண்டை. இது சரிவராது என்று ஜாபாரிடம் முதல் நாளே சொன்னேன். நான் அங்கியும் தாடியுமாக வந்து நின்றால் ஜனங்கள் என்னைத்தான் பார்ப்பார்கள், பிள்ளைகளை எவன் பார்க்கப்போகிறான்?

இன்று சாகும் இடத்தில் வசனம் கொஞ்சம் நழுவியது. நழுவிய இடத்தில் சொந்தமாகச் சேர்த்தேன். ஒரு போர் சேர்த்தேன், அதில் ஜெயித்தேன், ஜெயித்த ஊரின் இளவரசியையும் சேர்த்தேன். ஜாபார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, கான் ரெண்டு வார்த்தை பேசிட்டுச் சாகணும். நீங்க எந்திரிச்சு உக்காந்து கல்யாணம் பண்ணிட்டீங்க."

"கானுக்குச் சாக மனசு வரல, தம்பி" என்றேன்.

மந்திரியாக நடிக்கும் மாட்டு டாக்டர் பெக்துர் சிரித்த சிரிப்பில் ஒட்டுத்தாடி கழன்று விழுந்தது.

நாள் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்து வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, மாலையில் நான்கு முகங்கள் தன்னைத் திரும்பிப் பார்ப்பது என்பது — எழுதத் தெரியவில்லை. குளிரில் வந்தவன் வயிற்றில் சூடான சூப்பு இறங்குவது போல. அவ்வளவுதான் எழுத வருகிறது.

யாருக்காக: கலைக்காக.

பிப்ரவரி 11

கலாசார மன்றத்தில் பெண்கள் பாட்டுக்குழு நடத்தும் குல்சுன் அக்கா வீட்டுக்கு வந்தாள். நௌரூஸ் அன்று ஒரு பாட்டைப் புருல் தனியாகப் பாட வேண்டுமாம். சும்மா கேட்கவில்லை. புருலுக்குக் குரல் உண்டு. எங்கள் கல்யாணத்தில் அவள் பாடியதைக் கேட்டு மலையில் இருந்து ஆடுகள் இறங்கி வந்தன. (எங்கள் ஆடுகள்தான். மாலை ஆகியிருந்தது.)

புருல் தட்டில் இருந்த ரொட்டியைத் துண்டு துண்டாக அடுக்கியபடி, "நான் சாயங்காலம் வந்துட்டா மாட்டை யாரு பாக்கறது? ஒண்ணு கறவை, ஒண்ணு நிறைசினை. புள்ளைய யாருகிட்ட விடறது?" என்றாள். மகனும் மருமகளும் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போன நாளில் இருந்து ஐசுலூ எங்களிடம்தான். பொறுப்பான பதில். நானும் தலையாட்டினேன். குல்சுன் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மாதக் கடைசிக்குள் சொல்லு, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று புருலிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். ஓநாய்க் கூட்டத்தைப் பனி வண்டியால் துரத்திய கதையைத் தொடங்கினேன். பாதியிலேயே போய்விட்டாள். அவசர வேலை போல.

பிப்ரவரி 15

இன்று விருந்து. ஆடு என்னுடையது, யோசனையும் என்னுடையது. நாடகக் குழுவையும் சாலைப் பிரிவு மேலாளர் சாமாத்தையும் ஒரே விரிப்பைச் சுற்றி உட்காரவைத்தேன். மார்ச்சில் மாலை வேலை எனக்கு வேண்டாம், ஒத்திகை இருக்கிறது. அதை சாமாத் வாயால் வரவழைக்க வேண்டும். வாயில் கறி இருந்தால் வார்த்தை வழுக்கிக்கொண்டு வரும். வந்தது.

பங்கு போட்டேன் பார், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஜாபாரின் அப்பாவுக்கு இடுப்பெலும்பு, சாமாத்தின் அம்மாவுக்கு வால்பக்கம், எல்லாம் அது அது போய்ச் சேர வேண்டிய மடியில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஒரு சங்கடம். ஜாபாரின் சிநேகிதர் ஒருவர் நரீனில் இருந்து தாமதமாக வந்து சேர்ந்தார். அங்கே நாடகக் கொட்டகையில் இருப்பவராம். பெரிய கொட்டகை. அப்படிப்பட்டவர் முன்னால் வெறும் சூப்பை வைக்க முடியுமா? எலும்பு எல்லாம் தீர்ந்திருந்தது.

எங்கள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்கு போடத் தொடங்கும் முன்பே நல்ல எலும்பாக ஒன்றைத் திரும்பக் கொப்பரைக்குள் விட்டுவிடுவோம். அது அடுப்பு மூட்டியவளுக்கு. வேறு யாருக்கும் கிடையாது. நானும் விட்டிருந்தேன். கையை விட்டேன், எடுத்தேன், அவர் தட்டில் வைத்தேன். கண்ணிமைக்கும் நேரம்தான், யாரும் கவனிக்கவில்லை. சமயோசிதம் என்றால் இது.

(அவர் அங்கே விளக்குப் போடுகிறவர் என்று பிறகு தெரிந்தது.)

புருலும் சாப்பிட்டிருப்பாள். நான் எல்லோருக்கும் கானின் மரணத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16

காலைத் தேநீர் கிண்ணம் நிறைய வந்தது. கை தவறியிருக்கும்.

பிப்ரவரி 17

இன்றும் விளிம்பு வரை.

என்னடா இது? பாதிக் கிண்ணம் ஊத்தறதுதானே நம்ம வழக்கம். பாதி ஊத்தினா திரும்பத் திரும்ப ஊத்தணும், ஊத்தும்போதெல்லாம் மூஞ்சியைப் பாக்கணும், ரெண்டு வார்த்தை பேசணும். அதுதான் மரியாதை, அதுதான் பிரியம். நிறைய ஊத்தினா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். எப்போ போவான்னு காத்திருக்கிற விருந்தாளிக்கு ஊத்தறது அது. ஐசுலூவுக்குக்கூடத் தெரியும். கல்யாணமான நாள்லேருந்து இவ கையால பாதிக் கிண்ணம்தான் குடிச்சிருக்கேன். நான் என்ன செஞ்சேன்? கத்தினேனா? குடிச்சிட்டு வந்தேனா?

சறுக்கு வண்டியா?

பிப்ரவரி 18

ஐசுலூவைச் சறுக்கு வண்டியில் ஊரைச் சுற்றி இழுத்தேன். ஐம்பது சுற்று. (இரண்டு.) வந்து உட்கார்ந்தேன். கிண்ணம் நிறைய.

காரணம் சறுக்கு வண்டி இல்லை.

பிப்ரவரி 20

இன்றும் சறுக்கு வண்டி. பின்னால் உட்கார்ந்து ஐசுலூ ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாள். ஆற்றில் பனிக்கட்டி உடைகிற பாட்டு. பாதி வார்த்தை அவளாகச் செய்துகொண்டது, ஆனால் ராகம் நேராக நின்றது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "பாட்டி மாட்டுக்குப் பாடும்" என்றாள்.

கறவை நேரத்தில் தொழுவத்துப் பக்கம் போய் நின்றேன். உள்ளே புருல் பாடிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான். பால் வாளியில் விழும் சத்தம் தாளம் போல. இங்கே நான் ஆடு, மலை, ஓநாய் என்று எதையாவது சேர்த்து எழுதலாம். வேண்டாம். நின்றேன், கேட்டேன். காலை மாற்றி வைத்தபோது பனி நொறுங்கிச் சத்தம் வந்தது, பாட்டு நின்றது.

"யாருக்குப் பாடற?" என்றேன்.

"கறவைக்கு. பால் நல்லா விடுது."

"குல்சுன் கேட்ட பாட்டா?"

"அவ வேற ஆளப் பாத்துக்குவா."

வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்னைத் தாண்டும்போது நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "கிழவா, ஊருக்கே பங்கு போடற. அன்னிக்கிக் கொப்பரைக்குள்ள கையை விட்டு எடுத்தியே, அது யார் பங்குன்னு தெரியாமலா எடுத்த?"

தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வரவில்லை. "தெரிஞ்சுதான்" என்றேன்.

"தெரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 21

ஆட்டை மறுபடி பங்கு போட்டுப் பார்த்தேன். இடுப்பெலும்பு வேலைக்கு, இடுப்பெலும்பு நாடகத்துக்கு, மீதி முழு உடம்பும் குடும்பத்துக்கு என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். பங்கு போடுகிறவனுக்குத் தெரியாதா, பெரிய எலும்புகள் போனபின் மீதி என்பது என்னவென்று? மீதி என்றால் கழுத்தும் குடலும்.

அவளிடம் குல்சுன் கேட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பான பதில் என்று தலையாட்டினேன். ஒரு வார்த்தை — நான் இருக்கேன், நீ போ — அது என் வாயில் வரவில்லை. இந்த வாயில் என்னென்னவோ வந்திருக்கிறது.

பிப்ரவரி 23

அருமையான வழி கண்டுபிடித்தேன். கான் சாகும்போது பின்னால் புருல் நின்று பாடட்டும். அவளுக்குப் பாட்டு, எனக்கு மேடை. ஒரே எலும்பில் இரண்டு பேர். வேலை முடிந்து ஓடிவந்து சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றினாள். விளிம்பைத் தாண்டித் தட்டில் வழிந்தது. நிறுத்தவில்லை.

பிப்ரவரி 25

கான் வேடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜாபார் கண்ணீர் விட்டான். (வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான், அவன் வீட்டு அடுக்களையில்தான் சொன்னேன்.) விளையாட்டு என்று நினைத்து முதலில் நம்பவில்லை. "அண்ணே, நெசமா? இனிமே கான் ரெண்டு வார்த்தையில சாவானா?" என்றான். சாவான் என்றேன். பெக்துர் கானாகிறான். அப்போதே அங்கியை அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் தாமதித்தது, எழுத வேண்டும் அல்லவா, எழுதிவிட்டேன்.

அங்கிருந்து நேராகக் குல்சுன் அக்கா வீட்டுக்கு. புருல் பாடுவாள் என்றேன். "அத அவ சொல்லட்டும்" என்று கதவைச் சாத்தினாள். நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து புருலிடம் சொன்னேன்: சாயங்காலம் மாடும் பிள்ளையும் என் பொறுப்பு, நீ போய்ப் பாடு. அவள் நம்பவில்லை. மாவு பிசைந்த கையோடு நின்று, "ரெண்டு நாள் கழிச்சு ஜாபார் வந்து வாசல்ல நின்னா, பின்னாலயே ஓடிடுவ" என்றாள்.

"அங்கிய பெக்துருக்குக் குடுத்துட்டேன். அவன் வயித்துக்குப் பத்தல. பிரிச்சுத் தச்சுக்கிட்டு இருக்காங்க."

அதைக் கேட்டதும் முகம் மாறியது. பிரித்துத் தைத்த அங்கி எனக்குத் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். கையைக் கழுவினாள். தலைக்குட்டையை மாற்றிக் கட்டினாள். குல்சுன் வீட்டுப் பக்கம் நடந்தாள். பிசைந்த மாவை என்ன செய்வது என்று சொல்லவில்லை.

ஐசுலூவும் நானும் அதில் குதிரை செய்தோம்.

மார்ச் 1

கறவை மாடு என்னை நம்பவில்லை. மடியில் கை வைத்தால் பாலை மேலே இழுத்துக்கொள்கிறது. புருல் வாசம் இல்லாமல் விடாது போல. எனவே புருலின் கோட்டைப் போட்டு, அவள் தலைக்குட்டையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அறிவாளி எதையும் சமாளிப்பான். பால் வரத் தொடங்கிய நேரம் பார்த்து மேலாளர் சாமாத் தொழுவத்து வாசலில் வந்து நின்று, புருல் அக்கா, மம்பெத் அண்ணன் எங்கே என்று கேட்டார்.

திரும்பினால் மானம் போகும். "கணவாய்க்குப் போயிருக்கார்" என்றேன், மெல்லிய குரலில். நடிகன் அல்லவா.

சாமாத் ஓரடி உள்ளே வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "சரிக்கா. போற அவசரத்துல மீசையை உங்ககிட்ட விட்டுட்டுப் போயிட்டார் போல" என்றார்.

நாளைக்குச் சாலைப் பிரிவு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். பால் வாளி நிறைய. (கால் வாளி.)

மார்ச் 4

ஐசுலூ எனக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். பாடினால் பால் கூடும் என்றாள். பாடினேன். மாடு உதைத்தது.

மார்ச் 8

மகளிர் தினம். துலிப் பூ ஒன்று வாங்கி வந்தேன். கறவைக்கு என்ன வாங்கினாய் என்று புருல் கேட்டாள். கேட்டுவிட்டு ஊற்றினாள். கிண்ணத்தில் முக்கால்.

முக்கால்தான். இரண்டு முறை குனிந்து பார்த்தேன்.

மார்ச் 12

மாவு வாங்கிக்கொண்டு கலாசார மன்றத்தின் வழியாக வந்தேன். ஜன்னல் உயரம், மூட்டையின் மேல் ஏறி நின்று பார்த்தேன். பெக்துர் சாகும் காட்சி. இரண்டே வார்த்தை பேசினான், செத்தான். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. நன்றாகத்தான் செத்தான், பாவி. மாட்டு டாக்டர், சாவு பார்த்துப் பழகியவன்.

இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்த அங்கி என் தோளில் இருப்பது போலவே இருந்தது. விட்டுக்கொடுத்தால் மனசு லேசாகிவிடும் என்பார்கள். எவன் சொன்னான்? ஆகவில்லை. மாவு மூட்டையைவிடக் கனம்.

ஐசுலூ தூங்கப் போகும் முன் கதை கேட்டாள். கானின் கதையைச் சொன்னேன். என்னிடம் இருக்கிற கான் சாவதில்லை. இன்று மூன்று போர், ஒரு பேசும் குதிரை, ஒரு இளவரசி. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. "அப்புறம்?" என்றாள். அப்புறம் என்றால் நான் விடுவேனா?

ஒரு முகம்தான். ஆனாலும் சூப்பு இறங்கியது.

மார்ச் 17

பக்கத்து அறையில் ஐசுலூவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒத்திகை முடிந்து வந்த புருல் கோட்டைக் கழற்றாமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. கதை முடிந்ததும், "அந்தக் குதிரை போன வாரம் கறுப்பு. இன்னிக்கி எப்படி வெள்ளையாச்சு?" என்றாள்.

பனியில் வந்தது என்றேன். சிரித்தாள். அடுப்புப் பக்கம் திரும்பாமல், நேராக.

மார்ச் 21, காலை

கணவாய் மூடிவிட்டது. வசந்தம் பிறக்கிற நாளில் இப்படி ஒரு காற்று. நரீனில் இருந்து கிளம்பிய மினிபஸ் மேலே பனியில் நிற்கிறது. நௌரூஸுக்கு வருகிற நுர்ஜாத் அதில் இருக்கிறாள். பனி வண்டியின் இன்னொரு ஓட்டுநர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். சாமாத் போனில் எனக்குக் கட்டளையிடவில்லை, போக முடியுமா என்று கேட்டார். மதியம் புருல் பாடுகிறாள். நிறைசினை மாடு காலையில் இருந்து நிலைகொள்ளாமல் சுற்றுகிறது.

போன மாதம் என்றால் இந்நேரம் பூட்ஸ் போட்டுப் போயிருப்பேன். இன்று அடுக்களைக்குப் போய், "போகட்டுமா?" என்று கேட்டேன்.

புருல் ஜரிகை வைத்த சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு தடவை கேட்டிருக்கியா?"

"இல்ல."

"போ. ரோட்டுல நம்ம புள்ள நிக்குது."

"உன் பாட்டு?"

"நான் பாடணும்னுதான் பாடறேன், கிழவா. நீ கேக்கணும்னு இல்ல." பிறகு என் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "மாட்டுக்கு ஆள் சொல்லிட்டுப் போ."

பெக்துரிடம் சொல்லிவிட்டேன். கான் முதல் காட்சியிலேயே செத்துவிடுகிறான், அதன் பிறகு அவனுக்கு வேலை இல்லை. ஜாபார் எவ்வளவு நல்ல நாடகம் எழுதியிருக்கிறான் என்று இன்றுதான் தெரிகிறது.

மார்ச் 22

நேற்று நடந்தது.

பனி முழங்கால் அளவுதான். காற்றுதான் மோசம், தள்ளிய இடத்தை உடனே மூடியது. மினிபஸ்ஸைப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் உள்ளே ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நுர்ஜாத் என் வண்டியில் ஏறிக்கொண்டாள். பல் கிட்டியது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. "எது முதல்லன்னு தெரிஞ்சுதா, மாமா?" என்றாள்.

"குளிர்ல வந்தவளுக்கு முதல்ல போர்வை" என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஊருக்குள் இறங்கும்போது எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நேராகத் தொழுவத்துக்குப் போனேன். பெக்துர் கானின் அங்கியோடு வைக்கோலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான், தாடி ஒரு பக்கம் தொங்கியது, கை முழங்கை வரை ஈரம். பக்கத்தில் ஒரு கிடாரிக்கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. "கான் செத்தும் வேலை வாங்கறீங்களே, அண்ணே" என்றான். அந்த அங்கியை இனி யாரும் போட முடியாது.

பிறகு தெருவில் இறங்கியபோது எல்லோரும் என்னை நிறுத்தி நிறுத்திப் புருலின் பாட்டைப் பற்றிச் சொன்னார்கள். கூடமே எழுந்து நின்றதாம். குல்சுன் அழுதாளாம். சாமாத்தின் அம்மா மேடைக்கே ஏறிப்போய் நெற்றியில் முத்தம் கொடுத்தாளாம். இதை வைத்துக்கொண்டு என்னால் பத்துப் பக்கம் எழுத முடியும். கணவாய் வரை கேட்டது என்றுகூட எழுதுவேன்.

ஆனால் புருலிடமே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே வைக்கிறேன்: "ரெண்டாவது அடியில குரல் லேசா ஒடஞ்சுது. யாரும் கவனிக்கல. மூணாவது அடியில பயம் போயிடுச்சு. அப்புறம் பாட்டு எப்போ முடிஞ்சுதுன்னு தெரியல."

இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

மாலையில் எங்கள் வீட்டில் ஆடு. முதலில் தொடையெலும்பைக் கொப்பரைக்குள் விட்டேன், பிறகுதான் கத்தியை எடுத்தேன். எல்லாம் கொடுத்து முடித்த நேரத்தில், ஜாபாரின் சிநேகிதர், அந்த விளக்குப் போடுகிறவர், மறுபடி தாமதமாக வந்து நின்றார். மினிபஸ்ஸில் வந்த ஆள், குளிரில் காது சிவந்திருந்தது. என் பங்கை அவர் தட்டில் வைத்தேன். புருல் தன் எலும்பைக் கொப்பரையில் இருந்து எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் தின்றாள். நுர்ஜாத் என்னைப் பார்த்தாள். நான் சூப்பைப் பார்த்தேன்.

விருந்தாளிகள் போனபின் புருல் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தில் பாதி. குடித்தேன், நீட்டினேன், முகத்தைப் பார்த்து ஊற்றினாள். பாதி. அந்தக் கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசினோம். மறுபடி நீட்டினேன்.

எத்தனை கிண்ணம் என்று நான் எண்ணவில்லை.